நான் நீக்கிய கன்னியப்பன்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்குப் ‘பெருந்தரவும் வெளிப்படையான நிர்வாகமும்’ என்று ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார்கள். தலைப்பைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் காலத்தில் பெருந்தரவு என்றால் மூன்று இரும்பு பீரோ. வெளிப்படை என்றால் அந்த பீரோக்களின் சாவி யாரிடம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பது. அதற்கு மேல் எனக்குப் பெரிய தத்துவமெல்லாம் தெரியாது. நான் செய்த ஒரு பெரிய தப்பு தெரியும். அதைச் சொல்கிறேன்.

முதலிலேயே ஒன்று. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று அலுவலகத்தில் பெயர். ஓய்வு பெற்ற பிறகும் அது அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் நான் யாரையாவது திட்டினால் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் என்னைத்தான் திட்டிக்கொள்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். காஞ்சிபுரத்தில், கைத்தறி சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்தில் நான் கணினிப் பிரிவின் கண்காணிப்பாளர். நான்கு கணினிகள், விவரங்களை அடித்து ஏற்ற சரளா என்று ஒரு பெண், ஒரு ஏசி. ஏசி எங்களுக்கு இல்லை, கணினிகளுக்கு. அதற்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதில் எனக்கும் சரளாவுக்கும் தினமும் ஒரு சின்னச் சண்டை நடக்கும்.

பட்டு நெசவாளர்களுக்கு மருத்துவ அட்டை கொடுக்க ஒரு திட்டம் வந்தது. பட்டியலில் பெயர் இருந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் வரை இலவசம். பெயர் இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. பெயர்கள் எல்லாம் பழைய ரெஜிஸ்டர்களில் இருந்தன. அவற்றைக் கணினியில் ஏற்ற வேண்டும். ஒரே ஆள் இரண்டு மூன்று நெசவாளர் சங்கங்களில் பெயர் கொடுத்திருப்பார் என்று மேலிடத்துக்குச் சந்தேகம். ஆகவே இரட்டைப் பதிவுகளை நீக்கிவிட்டு அனுப்புங்கள் என்று உத்தரவு.

எப்படி நீக்குவது என்று முடிவு செய்தது நான். பெயர், தகப்பனார் பெயர், தெரு, கதவு எண், இந்த நான்கும் ஒன்றாக இருந்தால் முதலில் வருவதை வைத்துக்கொண்டு அடுத்ததை எடுத்துவிட வேண்டும். வயதைக் கணக்கில் எடுக்கவில்லை. காரணம் உண்டு. ஒரே ஆளுக்கு ஒரு ரெஜிஸ்டரில் நாற்பது என்றும் இன்னொன்றில் நாற்பத்தைந்து என்றும் இருந்தது. எழுதியவர் கேட்டபோது வாயில் வந்த வயது. அதை நம்பினால் இரட்டைப் பதிவு எதுவும் சிக்காது என்று நினைத்தேன். நியாயமாகத்தானே இருக்கிறது? தப்புப் பண்ணுகிறவர்கள் எல்லோரும் நியாயமான காரணத்தோடுதான் பண்ணுகிறோம்.

அடுத்ததுதான் பெரிய விஷயம். பழைய ரெஜிஸ்டரில் கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு குறுகலான கட்டம் இருக்கும். அதை எழுதிய குமாஸ்தா நான் பிரிவுக்கு வருவதற்கு முன்பே போய்விட்டார், யாரென்றுகூட எனக்குத் தெரியாது. பொடிப்பொடியான எழுத்தில் ‘கிணற்றடி போர்ஷன்’, ‘பெரியவர்’, ‘இடது கைக்காரர்’, ‘மூன்று தறி வீடு’ என்றெல்லாம் எழுதி வைத்திருந்தார். சரளா அதைக் காட்டி, இதையும் அடிக்க வேண்டுமா மேடம் என்று கேட்டாள். ஊர் வம்பெல்லாம் கம்ப்யூட்டருக்கு எதற்கு, விடு என்றேன். சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தேன்.

நான் சின்ன காஞ்சிபுரத்தில் வாத்தியார் வீட்டுப் பெண். வரதர் கோயில் உற்சவம் ஒன்று விடாமல் தெரியும். ஊரின் இன்னொரு பக்கத்தில், சைக்கிளில் போனால் கால்மணி நேரத்தில் வந்துவிடும் பிள்ளையார்பாளையத்தில், பேரனுக்குத் தாத்தா பெயரைத்தான் வைப்பார்கள் என்பதும் தெரியும். எங்கள் பக்கத்திலும் அதுதானே வழக்கம். ஆனால் தெரிந்த விஷயம் வேலை செய்யும்போது ஞாபகத்துக்கு வர வேண்டுமே, வரவில்லை.

கணினி ஒரே மத்தியானத்தில் கத்தை கத்தையாகப் பெயர்களை நீக்கியது. எங்கள் அதிகாரிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. போலிப் பெயர்களை ஒழித்துவிட்டோம் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார், அதுவும் வந்தது. எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். பட்டு ஊரில், பட்டு அலுவலகத்தில், மினுமினுவென்று ஒரு பாலியெஸ்டர் துணி. நான் அதைப் பெருமையாக வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பூங்கொடி வந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பெண். கையில் மஞ்சள் பை, அதற்குள் ஆஸ்பத்திரிக் காகிதங்கள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவளுக்கும் என்னைப் போலவே மூக்கு நுனியில் கோபம்.

அவள் சொன்னது இதுதான். அவள் கணவர் கன்னியப்பன், தறிக்காரர், இருபத்தாறு வயது. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இதய வால்வு கெட்டுப்போய்விட்டது. இப்போது பத்து அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் அடுத்த வாரம் வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். கன்னியப்பன் என்று வீட்டுக்கு வந்த ஒரே அட்டையைச் சரிபார்க்கப் போன இடத்தில், பட்டியலில் இருக்கும் கன்னியப்பனுக்கு அறுபத்தாறு வயது, தாத்தா அட்டையைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்தீர்களா என்று வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி ஒருவர் கத்தியிருக்கிறார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? உட்கார் அம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கணினி அப்படியெல்லாம் தப்புப் பண்ணாது, ஏதாவது ஆதாரம் இருந்தால் கொண்டு வா என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எங்க வூட்ல ரெண்டு கன்னியப்பன் இருக்காங்க மேடம். ஒருத்தரு என் வூட்டுக்காரரு, ஒருத்தரு அவங்க தாத்தா. ரெண்டு பேருக்கும் அப்பா பேரு ஏகாம்பரம்தான். தெருவுல அல்லாருக்கும் தெரியும். ஆதாரம் வேணும்னா இதோ கூட்டினு வரேன்.”

போனவள் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தாள். கூடவே ஒரு பெரியவர், வேட்டியை மடித்துக் கட்டியபடி, சைக்கிளை மர நிழலில் நிறுத்திவிட்டு மாடி ஏறி வந்தார். என் மேஜைக்கு முன்னால் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, “நீங்க எடுக்காம வுட்ட ஆளு நான்தாம்மா” என்றார். சரளாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்திருக்கும், அவர் அடுத்து சொன்னதைச் சொல்லாமல் இருந்திருந்தால்.

“என் பேர எடுத்துட்டு அந்த எடத்துல புள்ள பேரப் போட்டுருங்கம்மா. எனக்கு இனிமே இன்னா ஆவப்போவுது. அவனுக்குத்தான் வேணும்.”

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. ஒரு மனிதர் தன் பேரன் பிழைக்க வேண்டும் என்பதற்காகத் தன்னை அழித்துவிடச் சொல்லி என் முன்னால் கைகட்டி நிற்கிறார். அவரை அப்படி நிற்க வைத்தது நான் எழுதிய ஒரு விதி. அவருடைய அப்பா ஏகாம்பரம். அவர் மகனுக்கு அந்தத் தாத்தா பெயர், அதுவும் ஏகாம்பரம். அந்த மகனுடைய மகனுக்கு இவர் பெயர். ஒரே வீடு, ஒரே கதவு எண். நான்கு கட்டமும் பொருந்துகிறது. இரண்டு ஆள்.

அவர்களை உட்கார வைத்துவிட்டு பீரோவைத் திறந்து பழைய ரெஜிஸ்டரை எடுத்தேன். ‘கன்னியப்பன், தகப்பனார் ஏகாம்பரம்’. குறிப்பு: ‘பெரியவர், முன்கட்டு’. நான்கு பக்கம் தள்ளி மறுபடியும் ‘கன்னியப்பன், தகப்பனார் ஏகாம்பரம்’. குறிப்பு: ‘பேரன், கிணற்றுப் பக்கம்’. ஊர் வம்பு என்றேனே, அதுதான். பக்கங்களைப் புரட்டப் புரட்ட ‘பேரன்’, ‘பெரியவர்’, ‘சின்னவர்’ என்று வந்துகொண்டே இருந்தது. எண்ண ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

அதிகாரியிடம் ஓடினேன். அவர் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரிக் கதைகளில் அதிகாரியை வில்லனாக்கிவிடுவது வழக்கம். பயந்தவர், அவ்வளவுதான். சென்னையில் ஒரே ஒரு திருத்தப் பட்டியல்தான் வாங்குவார்கள், வருகிற வெள்ளிக்கிழமைதான் கடைசி, அதற்குப் பிறகு அடுத்த வருஷம்தான் என்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“அந்த ஒரு பேர மட்டும் இன்னைக்கே அனுப்பிடலாம் மேடம். பையன் பொழச்சுக்குவான். மத்தவங்க யாராவது வந்து கேட்டாங்களா?”

யோசித்துப் பாருங்கள். ஒரு பெயரை அனுப்பினால் கேள்வி இல்லாமல் ஏற்றுக்கொள்வார்கள், கன்னியப்பனுக்கு வியாழக்கிழமை ஆபரேஷன் நடக்கும். ஆனால் அந்த ஒரே வாய்ப்பு அதோடு தீர்ந்தது. மற்றவர்களுக்கெல்லாம் அடுத்த வருஷம் வரை அட்டை கிடையாது, நீக்கப்பட்டதே அவர்களுக்குத் தெரியாது. எல்லோரையும் சேர்த்து அனுப்பினால், இவ்வளவு திருத்தமா என்று சந்தேகப்பட்டு மொத்தத்தையும் நிறுத்தி வைக்கலாம். அப்போது கன்னியப்பனின் நாள் போய்விடும். இந்த மாதிரி இடத்தில் எந்தக் கையேடும் உதவாது. வந்து கேட்டவருக்கு மட்டும் செய்துவிட்டு மற்றதைப் பூசி மெழுகுவது நம் வேலையில் மிகவும் சுலபம். செய்தால் நம்மை நல்லவர் என்றுகூடச் சொல்வார்கள்.

எனக்குத் தைரியம் என்று நினைக்காதீர்கள். நான் வந்து பூங்கொடியிடம் இரண்டையும் அப்படியே சொன்னேன். மறைத்துவிட்டு முடிவெடுக்க எனக்கு மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் நீக்கிய எல்லாப் பெயர்களையும் சரிபார்த்து, சரியான ஆதாரத்தோடு நானே நேரில் கொண்டுபோய் வாதாடுகிறேன், உன் கணவர் பெயர் முதல் வரியில் இருக்கும் என்றேன்.

“அவுங்க நிறுத்தி வெச்சுட்டு, இவருக்கு ஏதாச்சும் ஆயிட்டா?” என்று கேட்டாள்.

அதற்குப் பெரியவர், தரையைப் பார்த்தபடி, எதிர் வீட்டிலும் இரண்டு வரதன் இருக்கிறார்கள், அங்கேயும் ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண் இருக்கிறாள் என்றார். பூங்கொடி அவரை முறைத்தாள். கொஞ்ச நேரம் பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தாள். பிறகு என்னிடம், எப்படிக் கண்டுபிடிக்கப் போகிறீர்கள் என்று வெடுக்கென்று கேட்டாள். அலுவலக அறிவிப்புப் பலகையில் பட்டியலை ஒட்டுவோம், ஆட்சேபம் இருப்பவர்கள் வரலாம் என்றேன்.

“செவுத்துல ஒட்டினா யாரு வந்து படிப்பா? தறில உக்காந்துட்டா ஒருத்தரும் எழுந்து வரமாட்டாங்க. காலைல தெருவுல பாவு போட்டுக்கினு இருப்பாங்க, அப்ப வந்து சத்தமா படிங்க. சீக்கிரம் முடிஞ்சாத்தான எங்க வேல ஆவும்.”

பெருந்தன்மையால் சொல்லவில்லை, தன் கணவர் பெயர் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்றுதான் சொன்னாள். ஆனால் என் இருபது வருஷ சர்வீஸில் அதைவிட நல்ல யோசனையை எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை.

வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் சேலைக்கான நீள இழைகளைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சரிசெய்வார்கள். அதைத்தான் பாவு போடுவது என்கிறோம். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். ஒரு வீட்டால் ஆகாத வேலை. யார் பாவாக இருந்தாலும் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து ஆளாளுக்கு வந்து இரண்டு பக்கமும் நிற்பார்கள். கை இழையில் இருக்கும், வாயும் காதும் சும்மாதான் இருக்கும்.

அதிகாரியிடம் அனுமதி கேட்டேன். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நாளைக்கும் மறுநாளும் நான் லீவில் இருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அன்று மத்தியானமே சரளா பட்டியலை அகலத் தாளில் அச்சடித்தாள். அடித்து முடித்தவள் தாளைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். என்ன என்றேன். மேடம், அட்டைக்காகச் சங்கங்கள் கேட்டு அனுப்பிய ‘ஏற்கெனவே இருக்கிற வியாதி’ என்ற கட்டமும் இதில் வந்திருக்கிறது என்றாள். தெருவில் படிக்கப் போகிற தாளில் யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் காசம், கல்யாணம் ஆகாத எந்தப் பெண்ணுக்கு வலிப்பு என்பதெல்லாம் வரிசையாக இருந்தது. திறந்து காட்டுகிறேன் என்கிற வேகத்தில் நான் அதையும் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். இருவரும் உட்கார்ந்து கத்தரிக்கோலால் அந்தப் பத்தியை ஒவ்வொரு தாளிலிருந்தும் வெட்டி எடுத்துக் கிழித்துப் போட்டோம். ஒரு கட்டத்தை வம்பு என்று தூக்கி எறிந்தவள், வெளியே போகவே கூடாத கட்டத்தைக் கையில் வைத்திருந்தேன் பாருங்கள். சரளா இல்லாவிட்டால் இன்னொரு பாவத்தையும் சுமந்திருப்பேன்.

புதன்கிழமை காலையில் பிள்ளையார்பாளையத்தில் தெரு நடுவில் நின்றேன். ஒரு பக்கம் அரக்கு நிறப் பாவு, இரண்டு பக்கமும் ஆட்கள். பூங்கொடி ஒரு மரப்பெட்டியை எடுத்து வந்து போட்டாள், அதன் மேல் ஏறிக்கொண்டேன். நீக்கப்பட்ட பெயர்களை வாசிக்கப் போகிறேன் என்று சொன்னதும் முதலில் வந்த கேள்வி, யார் நீக்கியது என்பதுதான்.

கணினி நீக்கிவிட்டது என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த வாக்கியத்தை நான் ஒரு மாதமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பூங்கொடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நான்தான் எடுத்தேன்” என்றேன். குறிப்புக் கட்டம் வேண்டாம் என்று சொன்னதும் நான்தான் என்றேன். ஓர் அம்மாள் ஐந்து நிமிஷம் என்னைத் திட்டினார். அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. கையை இழையிலிருந்து எடுக்காமலே திட்டினார், அதுதான் ஆச்சரியம். திட்டி முடித்ததும், சரி படி என்றார்.

படித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் தெரு பதில் சொன்னது. எந்த ஏகாம்பரம் என்று கேட்பார்கள், சரளா ரெஜிஸ்டரைப் பார்த்துக் குறிப்பைச் சொல்லுவாள், நான்கு பேர் ஒரே நேரத்தில் அவர் வேறு இவர் வேறு என்பார்கள். சில இடத்தில் குறிப்பே இருக்காது, அங்கே தெருவே குறிப்புச் சொன்னது. சிலருக்கு நாங்கள் நீக்கியது சரி என்றும் சொன்னார்கள். ஓர் ஆள் இரண்டு சங்கத்தில் பெயர் கொடுத்ததைப் பக்கத்தில் நின்றவரே போட்டுக்கொடுத்தார், அந்த ஆள் அசடு வழியச் சிரித்துக்கொண்டு ஆமாம்மா என்றார். பிறகு ஒருவர், எடுத்த பேரை மட்டும் படிக்கிறாயே, வைத்திருக்கிற பேரையும் படி என்றார். அது எங்களுக்குத் தோன்றவே தோன்றாத யோசனை. மறுநாள் அந்தத் தாள்களையும் எடுத்துப் போனேன். இறந்து போனவர்கள், ஊரை விட்டுப் போனவர்கள், ஆயுளில் தறிப் பக்கமே போகாதவர்கள் எல்லாம் வெளியே வந்தார்கள். போலிகளை ஒழித்துவிட்டோம் என்று பத்திரிகையில் போட்டோமே, அந்தப் போலிகள் பத்திரமாக எங்கள் பட்டியலுக்குள்தான் இருந்தார்கள்.

இரண்டு காலைகளில் தெருத் தெருவாகப் போய் முடித்தோம். அந்தந்தத் தெருவில் ஐந்து ஐந்து பேர் கையெழுத்துப் போட்டார்கள். கன்னியப்பனை மட்டும் நான் பார்க்கவில்லை. உள்ளே கட்டிலில் படுத்திருக்கிறார், வெளியே வர முடியாது என்றாள் பூங்கொடி. ஜன்னல் வழியாக இருமல் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் சென்னைக்குப் போனேன். மடியில் பட்டியல். முதல் வரியில் கன்னியப்பன். சேர்க்க வேண்டிய ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் நீக்கிய காரணம், நீக்கியவர் என்று இரண்டு கட்டம் போட்டு, இரண்டாவதில் என் பெயரை எழுதியிருந்தேன். அங்கே இருந்த அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். முகம் இறுகிக்கொண்டே போனது. எனக்கு அந்த இருமல்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. நான் தப்பு முடிவெடுத்துவிட்டேன், ஒரு பெயரை மட்டும் அனுப்பியிருக்க வேண்டும் என்று மனதுக்குள் என்னையே சபித்துக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த அரைமணி நேரத்தில் யாராவது கேட்டிருந்தால் மற்ற எல்லாப் பெயரையும் கிழித்துப் போட்டிருப்பேன்.

“ஒவ்வொரு வரியிலயும் உங்க பேரே இருக்கேம்மா?”

“எடுத்தது நான்தானே சார்.”

மேற்கொண்டு புரட்டினார். சேர்க்க வேண்டியவர்களுக்குப் பிறகு, நீக்க வேண்டியவர்கள் வந்தார்கள். அதில் ஒரு வரியில் நின்று சிரித்துவிட்டார். ‘செவிலிமேட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். தறி கிடையாது. சொன்னவர்: அவருடைய மச்சான்.’ சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் ஓர் ஊர் கேட்டிருந்தால் நிறுத்தித்தான் வைத்திருப்பேன், எடுத்துவிடுங்கள் என்றும் கையெழுத்துப் போட்டுக் கேட்கிறார்களே என்றார். சாயங்காலத்துக்குள் கையெழுத்தானது. முதல் வரியை மட்டும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் சொல்லச் சொன்னேன். என் எதிரிலேயே சொன்னார். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்.

வியாழக்கிழமை ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது என்று பூங்கொடி அலுவலகத்துக்கு போன் பண்ணினாள். நன்றியெல்லாம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, நான் பிடுங்கியதை நானே திருப்பிக் கொடுத்தேன். எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது, எழுதிக் கொடுத்தேன். தெருவில் பட்டியல் வாசித்ததற்கு யார் அனுமதித்தது என்ற கேள்விக்கு மட்டும் எங்கள் அதிகாரி, தாம் அனுமதித்ததாகத் தம் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். லீவில் இருந்த மனிதர்.

உங்களிடம் இன்று என் மூன்று பீரோவைப் போல லட்சம் பீரோ இருக்கிறது. ஒரு பொத்தானில் நீங்கள் எவ்வளவு பேரை நீக்குவீர்கள் என்று எனக்குக் கற்பனைகூட எட்டவில்லை. நீக்குங்கள், அது உங்கள் வேலை. ஆனால் யாரை நீக்கினோம், ஏன், அந்த விதியை எழுதியது யார் என்பதை, நீக்கப்பட்டவருக்குக் கேட்கும் இடத்தில் போய்ச் சொல்லுங்கள். இணையதளத்தில் எங்கோ நாலாவது பக்கத்தில் போட்டுவிட்டு வெளிப்படையாக இருக்கிறோம் என்று என்னிடம் யாராவது சொன்னால் எனக்கு மறுபடியும் கோபம் வரும். ‘சிஸ்டம் எடுத்துவிட்டது’ என்றால் இன்னும் அதிகமாக வரும்.

அதற்கு அடுத்த வருஷம் புதுப் பட்டியல் அனுப்புவதற்கு முன், நாங்களாகவே மறுபடியும் அதே தெருவுக்குப் போனோம். இந்த முறை அதிகாரியும் லீவு போடாமல் கூட வந்தார். வெயில் ஏறவில்லை. பச்சைப் பாவு நீட்டியிருந்தார்கள். நான் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்து, “கன்னியப்பன், தகப்பனார் ஏகாம்பரம்” என்றேன்.

“இருக்கேன்” என்று இரண்டு குரல் ஒன்றாக வந்தது.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். பாவின் இந்த முனையில் பெரியவர். அந்த முனையில், இழையைப் பிடித்துக்கொண்டு, நான் அதுவரை பார்த்தே இராத ஓர் இளைஞர். தெரு முழுக்கச் சிரித்தது. பூங்கொடியும் சிரித்தாள், அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். நான் அடுத்த வரியில் இருந்த அதே பெயரை இன்னொரு முறை வாசித்துவிட்டு, இரண்டு பேருக்கும் தனித்தனியாக டிக் போட்டேன்.